கவுத்திமலைக் கல்லில் உறையும் எலக்ட்ரான்கள்

திருவண்ணாமலையில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், தெருவோரம் வண்டல் ஒதுங்கிய இடத்தில் ஒரு காந்தத்தை வைத்து இழுத்தால் கறுப்புத் தூள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தமே போதும். பிள்ளைகள் இதை இரும்புத் தூள் என்பார்கள். இரும்பாக இருந்தால் இந்த ஈரத்துக்கு எப்போதோ துருப்பிடித்துச் செம்மண்ணோடு சேர்ந்திருக்கும். இது மேக்னடைட் என்ற கனிமம். மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் அமைந்த ஆக்சைடு. மனிதன் முதன்முதலில் அறிந்த காந்தக்கல்லும் இதுதான்.

ஊரை அடுத்துள்ள கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இந்தக் கனிமம் பாறை பாறையாகவே கிடக்கிறது. அங்கே ஒரு கல்லை உடைத்துப் பார்த்தால் வெள்ளை வரியும் கறுப்பு வரியும் மாறி மாறி ஓடும். வெள்ளை, குவார்ட்ஸ். கறுப்பு, மேக்னடைட். சில வரிகள் நகத்தின் கனம்கூட இருக்காது. சில வரிகள் விரல் அகலம் இருக்கும். கறுப்பு வரியில் காந்தத்தை வைத்தால் பிடித்துக்கொள்ளும், வெள்ளை வரியில் நழுவும். பூமி இளமையாக இருந்த காலத்தில் கடலடியில் படிந்த இரும்பும் சிலிக்காவும் பின்னர் ஆழத்தில் வெந்து அழுந்தி இப்படி ஆயின. 250 கோடி ஆண்டுகள் அளவுக்குப் பழைய பாறைகள் இவை. சேலம் கஞ்சமலையில் இருப்பதும் இதே வகைதான். 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது சேலத்து மேக்னடைட்டை நம்பித்தான் தொடங்கினார்.

2000-களில் கவுத்தி, வேடியப்பன் மலைகளை வெட்டித் தாது எடுக்க ஒரு திட்டம் வந்தது. அரசுத் துறை நிறுவனமான டிட்கோவும் ஜிண்டால் குழுமமும் சேர்ந்து டிம்கோ என்ற பெயரில் அதை முன்னெடுத்தன. சுற்றுவட்டாரக் கிராமங்கள் எதிர்த்தன. மலையில் காடு இருக்கிறது, மேய்ச்சல் இருக்கிறது, ஊற்று இருக்கிறது, வேடியப்பன் சாமி இருக்கிறார். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த மலையில் எடுக்கவேண்டியதைவிட விடவேண்டியதே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அந்த வாதங்களில் கல் எப்போதும் இத்தனை டன், இத்தனை சதவீதம் இரும்பு என்று மட்டுமே பேசப்பட்டது. அந்தக் கல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. திடப்பொருளின் இயற்பியலை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூங்கவிடாத பொருள் அது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பழைய கேள்வி. செம்பு ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது, கண்ணாடி ஏன் கடத்துவதில்லை? 1931-இல் ஆலன் வில்சன் இதற்குக் குவாண்டம் இயற்பியலின் வழியே தெளிவான விடை தந்தார். படிகத்துக்குள் எலக்ட்ரான்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல்கள் பட்டை பட்டையாக அமைகின்றன. ஒரு பட்டை முழுக்க நிரம்பி, அடுத்த பட்டை எட்டாத உயரத்தில் இருந்தால் எலக்ட்ரான்களுக்கு நகர வழியில்லை. அது கடத்தாப் பொருள். பட்டை பாதி நிரம்பியிருந்தால் பக்கத்திலேயே காலி நிலைகள் உண்டு, அது உலோகம். இந்தக் கொள்கையின் வெற்றியைக் குறைத்துச் சொல்ல முடியாது. இன்றைய சிலிக்கான் சில்லு ஒவ்வொன்றும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஆனால் இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்ற எலக்ட்ரான்களைத் தனித்தனியாகக் கண்டுகொள்வதில்லை, எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் ஒரு சராசரிச் சூழலில் தன்போக்கில் போகிறது என்பதே அது. 1937-இல் ஹாலந்தின் ஐந்தோவன் நகரிலிருந்த பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டே பூர், ஃபெர்வே என்ற இருவர் இந்த அனுமானத்தின் அடியிலேயே கைவைத்தார்கள். நிக்கல் ஆக்சைடு, கோபால்ட் ஆக்சைடு போன்றவற்றில் பட்டைகள் முழுதாக நிரம்பவில்லை. கணக்குப்படி அவை உலோகங்களாக இருக்கவேண்டும். உண்மையில் அவை நல்ல கடத்தாப் பொருள்கள். தூய நிக்கல் ஆக்சைடு பச்சை நிறத் தூள். பானைகளுக்கு மெருகேற்றும் கலவையில் சேர்ப்பார்கள். உலோகத்தின் சாயலே அதில் கிடையாது.

அந்த ஆண்டு பிரிஸ்டலில் நடந்த கூட்டத்திலேயே ருடால்ஃப் பையர்ல்ஸ் காரணத்தை ஊகித்தார். நெவில் மாட் அதைப் பிடித்துக்கொண்டார். 1949-இல் விரிவாக எழுதினார். எலக்ட்ரான்கள் எதிர்மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளும். நிக்கல் போன்ற அணுக்களில் வெளிப்புற எலக்ட்ரான்கள் அணுவை ஒட்டி இறுக்கமாக இருப்பதால், ஓர் அணுவில் ஏற்கெனவே உள்ளவற்றோடு இன்னொன்று வந்து சேர்வதற்குச் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் செலவாகும். அறை வெப்பம் தரக்கூடிய ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்குதான். இதைவிட நூறு மடங்குக்கும் மேல் விலை கேட்கும் நகர்வு நடக்குமா? நடக்காது. ஆகவே ஒவ்வொன்றும் தன் அணுவிலேயே நின்றுவிடுகிறது. பட்டையில் இடம் இருந்தும் ஓட்டம் இல்லை.

பௌர்ணமி கிரிவலத்தை நினைத்தால் இது எளிதில் விளங்கும். சாதாரண நாளில் பதினான்கு கிலோமீட்டர் பாதையில் யார் எந்த வேகத்தில் வேண்டுமானாலும் நடக்கலாம். ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவரை மட்டும் பார்த்தால் போதும். பௌர்ணமி இரவில் அப்படி முடியாது. முன்னால் இருப்பவர் காலெடுத்தால்தான் நீங்கள் காலெடுக்க முடியும். உங்கள் நடை உங்களுடையது மட்டுமல்ல, சுற்றியுள்ள நூறு பேருடையது. எலக்ட்ரான்கள் இப்படி ஒன்றன் இருப்பை மற்றொன்று கணக்கில் எடுத்தே நகரும் பொருள்களைத்தான் வலுவாக ஒன்றையொன்று சார்ந்த எலக்ட்ரான் பொருள்கள் என்கிறார்கள். வெப்பநிலை, அழுத்தம், கலப்பு என்று ஏதோ ஒன்றைச் சற்று மாற்றினால் இவை உலோகத்திலிருந்து கடத்தாப் பொருளாகவோ, அங்கிருந்து இங்கோ சட்டென்று மாறும்.

இங்கேதான் காந்தம் உள்ளே வருகிறது. எலக்ட்ரானுக்கு ஸ்பின் என்ற சுழற்சிப் பண்பு உண்டு. அதனால் அது ஒரு நுண்ணிய காந்தம். ஓடும் உலோகத்தில் மேல்நோக்கிய ஸ்பின்னும் கீழ்நோக்கிய ஸ்பின்னும் கலந்து பெரும்பாலும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். எலக்ட்ரான் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அதன் காந்தமும் அங்கேயே நின்றுவிடும். அதோடு முடிவதில்லை. பக்கத்து அணுவுக்கு முழுதாகத் தாவ முடியாவிட்டாலும், எலக்ட்ரான் ஒரு கணம் எட்டிப் பார்த்துத் திரும்பலாம். குவாண்டம் விதி அதற்கு இடம் தருகிறது. அப்படி எட்டிப் பார்ப்பது ஆற்றலைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அங்கே இருக்கும் எலக்ட்ரானும் அதே திசை ஸ்பின் கொண்டதாக இருந்தால் பவுலியின் விதி கதவை மூடிவிடும். எதிர்த்திசையாக இருந்தால்தான் அனுமதி. எனவே அடுத்தடுத்த அணுக்கள் எதிரெதிர் ஸ்பின்னோடு நிற்பதே லாபம். பெரும்பாலும் நடுவில் நிற்கும் ஆக்சிஜன் வழியாகவே இந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது. நிக்கல் ஆக்சைடும் மாங்கனீஸ் ஆக்சைடும் இப்படி எதிரெதிர்க் காந்த ஒழுங்கு கொண்டவை. மாங்கனீஸ் ஆக்சைடில் அதை 1949-இல் ஷல், ஸ்மார்ட் இருவரும் நியூட்ரான் கற்றையால் நேரடியாகக் காட்டினார்கள்.

ஆக, மின்னோட்டத்தை நிறுத்தியதும் காந்த ஒழுங்கை உண்டாக்கியதும் ஒரே விலக்குவிசைதான். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் ஆணிவேர் இந்த ஒரு செய்தி. கடத்துதிறனும் காந்தமும் பாடப்புத்தகத்தில் இரண்டு தனி அத்தியாயங்கள். இந்தப் பொருள்களுக்குள் அவை ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முகங்கள்.

இந்த வரலாற்றில் நம் நாட்டவருக்கும் நல்ல பங்கு உண்டு. சி.என்.ஆர். ராவ் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கான்பூரிலும் பெங்களூரிலும் இந்த ஆக்சைடுகளோடுதான் கழித்தார். சென்னையில் பிறந்த டி.வி. ராமகிருஷ்ணன், 1979-இல் ஆபிரகாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ ஆகியோரோடு எழுதிய கட்டுரை, ஒழுங்கற்ற பொருளில் எலக்ட்ரான்கள் எப்போது சிறைப்படும் என்பதற்கான அடிப்படை நூல் போல ஆகிவிட்டது. செம்பு ஆக்சைடுகளில் உயர்வெப்ப மீக்கடத்துதல், அதாவது தடையே இல்லாத மின்னோட்டம், வெளிப்பட்டபோது, அதன் மூலப்பொருள் மாட் வகைக் கடத்தாப் பொருள் என்ற இடத்திலிருந்தே விளக்கம் தொடங்கவேண்டும் என்று ஆண்டர்சன் சொன்னார். 1987-இல் அதைக் கணிதமாக எழுதியவர்களில் ஒருவர் ஜி. பாஸ்கரன், பின்னர் நீண்ட காலம் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவர்.

இப்போது கவுத்திமலைக் கல்லின் உள்ளே போவோம்.

மேக்னடைட் படிகத்தில் இரும்புக்கு இரண்டு வகை இடங்கள். முதல் வகையில் இரும்பைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், இரண்டாம் வகையில் ஆறு. மூன்று இரும்பில் ஒன்று முதல் இடத்திலும் இரண்டு இரண்டாம் இடத்திலும் அமர்கின்றன. முதல் இடத்தில் இருப்பது மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு; அதற்கு மீதி ஐந்து ஸ்பின்கள், எல்லாம் ஒரே திசை. இரண்டாம் இடத்தில் இருப்பவற்றில் ஒன்று மூன்று இழந்தது, மற்றொன்று இரண்டே இழந்தது. முதல் இடத்தவையும் இரண்டாம் இடத்தவையும் ஆக்சிஜன் வழியாக எதிரெதிராக நிற்கின்றன. ஒருபுறம் ஐந்து, மறுபுறம் ஐந்தும் நான்கும் ஒன்பது. கழித்தால் நான்கு மிச்சம். அளந்து பார்த்தாலும் ஏறக்குறைய நான்கேதான் வருகிறது. எதிரெதிர்க் குழுக்கள் சமமாக இல்லாததால் மிஞ்சும் இந்தக் காந்தத்தை 1948-இல் விளக்கியவர் லூயி நேயெல். ஃபெர்ரிகாந்தம் என்பது அதன் பெயர். காந்தக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிறகே, அது ஏன் காந்தம் என்பது தெரிந்தது. அந்த ஒழுங்கு சுமார் 580 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதற்கு மேல் கல்லின் காந்தம் போய்விடும்.

மிச்சமிருக்கும் கேள்வி, இரண்டே இழந்த அந்த இரும்பிடம் உள்ள ஒரு கூடுதல் எலக்ட்ரானைப் பற்றியது. இரண்டாம் வகை இடங்களில் பாதிப் பேரிடம் அது உண்டு, பாதிப் பேரிடம் இல்லை. ஆகவே இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குத் தாவ வாய்ப்பு உண்டு. அங்குள்ள இரும்புகள் எல்லாம் ஒரே திசையில் காந்தம் கொண்டிருப்பதால் தாவலுக்குத் தடையில்லை. இந்தக் கூடுதல் எலக்ட்ரானின் ஸ்பின் தன் இரும்பின் மற்ற ஐந்துக்கும் எதிர்த்திசை என்பதால், பக்கத்து இரும்பு எதிர்த்திசையில் நின்றிருந்தால் பவுலியின் விதிப்படி அங்கே அதற்கு ஏற்ற இடம் கிடைக்காது. காந்த ஒழுங்குதான் பாதை போட்டுத் தருகிறது. அறை வெப்பநிலையில் மேக்னடைட் மின்சாரத்தைக் கடத்துவது இதனால்தான். செம்போடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு மட்டமான கடத்தி. ஆனால் ஆக்சைடுகளில் இது அபூர்வம்.

1939-இல் ஃபெர்வே இதைக் குளிரவைத்துப் பார்த்தார். பிலிப்ஸில் அந்தக் காலத்தில் இரும்பு ஆக்சைடுகளின் மேல் அக்கறை அதிகம். ஃபெர்ரைட் என்ற காந்தப் பொருள்கள் அங்கேயும் தொழில்முறையில் வளர்ந்தன. தொடக்கத்தில் சொன்ன ஸ்பீக்கர் காந்தமும் அந்தக் குடும்பத்தில் வந்ததே. குளிரக் குளிர மேக்னடைட்டின் மின்தடை மெல்ல ஏறியது. சுமார் 120 கெல்வினை, அதாவது சுழியத்துக்குக் கீழே 150 டிகிரியை ஒட்டிய இடத்தை, அடைந்ததும் ஒரேயடியாக நூறு மடங்கு எகிறியது. மிகத் தூய படிகத்தில் இது 125 கெல்வின். இந்த இடத்தில் வெப்ப ஏற்புத்திறனில் ஒரு கோளாறு இருப்பதை 1920-களிலேயே சிலர் பார்த்திருந்தார்கள். மின்தடையை வைத்து அதற்குப் பொருள் சொன்னது ஃபெர்வே. இன்று அது ஃபெர்வே மாற்றம் எனப்படுகிறது.

இதைத் திருவண்ணாமலையிலேயே பார்க்க முடியும் என்பதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனமில்லை. மாவட்டம் பால் மாவட்டம். மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகங்களில் திரவ நைட்ரஜன் கொள்கலன் இருக்கும். உறைவிந்துக் குச்சிகள் அதில்தான் கிடக்கின்றன. அதன் வெப்பநிலை 77 கெல்வின், ஃபெர்வே மாற்றத்துக்குத் தேவையானதைவிட நன்றாகக் கீழே. இந்த நைட்ரஜன் ஒரு கல்லூரி இயற்பியல் துறைக்குக் கிடைப்பது பெரிய காரியமில்லை. பாறைத் துண்டின் மின்தடையை நேராக அளப்பதில் பயனில்லை. நடுவில் ஓடும் குவார்ட்ஸ் வரி மறித்துவிடும். கல்லை இடித்து, காந்தத்தால் கறுப்பை மட்டும் பிரித்து, ஒரு மெல்லிய குழாயில் அடைத்து, அதன் மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சில நூறு சுற்று சுற்றி, சுருளின் தூண்டல்திறனை அளக்கவேண்டும். கூடவே ஒரு பிளாட்டினம் வெப்பமானி. காற்றோட்டமான அறையில், மூடாத பாத்திரத்தில், திரவத்துக்கு மேலே நிற்கும் குளிர்ந்த ஆவிக்குள் குழாயை மெல்ல இறக்கினால், மாற்றம் நிகழும் இடத்தில் தூண்டல்திறன் சரிவதைக் காணலாம். எலக்ட்ரான்கள் உறைந்ததும் படிகத்தின் சமச்சீர் குலைகிறது. காந்தத் திசை முன்போல் எளிதாகத் திரும்ப மறுக்கிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் மேக்னடைட் தூயது. டைட்டானியம் கலந்திருந்தாலும் பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தாலும் சரிவு கீழே நகரும், மழுங்கும். பாறைக் காந்தவியலார் உலகெங்கும் இதை மேக்னடைட்டின் கைரேகையாகவே பயன்படுத்துகிறார்கள்.

ஃபெர்வே சொன்ன விளக்கம் எளிமையானது. உயர்ந்த வெப்பநிலையில் கூடுதல் எலக்ட்ரான்கள் அலைகின்றன. குளிர்ந்ததும் ஒன்றையொன்று தவிர்க்க, இரண்டு இழந்த இரும்பும் மூன்று இழந்த இரும்பும் அடுத்தடுத்த வரிசைகளில் ஒழுங்காக அமர்ந்துவிடுகின்றன. அமர்ந்தால் ஓட்டம் நிற்கிறது. இது மாட் சொன்னதோடு உறவுடையது, ஆனால் அதுவே அல்ல. மாட்டின் கணக்கில் இடத்துக்கு ஒரு எலக்ட்ரான், ஒரே அணுவுக்குள் விலக்கு. இங்கே இரண்டு இடத்துக்கு ஒன்று. காலி இடம் தாராளம். ஆகவே அக்கம்பக்கத்து அணுக்களுக்கு இடையேயான விலக்கும், எலக்ட்ரான் நின்ற இடத்தில் படிகம் வளைந்து கொடுப்பதும் சேர்ந்தால்தான் உறைதல் நடக்கும்.

1956-இல் ஆண்டர்சன் ஒரு சிக்கலைக் காட்டினார். இரண்டாம் வகை இரும்பு இடங்கள் நான்முகிகளின் முனைகளில் இருக்கின்றன. அடுத்தடுத்த நான்முகிகள் முனைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு நான்முகியிலும் இருவர், இருவர் என்று பிரிந்தால் விலக்கு மிகக் குறைவு. ஆனால் அப்படிப் பிரிவதற்கு எண்ணிலடங்கா வழிகள் உண்டு. அண்டை அயலில் ஒழுங்கு, நெடுந்தொலைவில் ஒழுங்கின்மை என்ற நிலை வெகு எளிது. பனிக்கட்டியில் ஹைட்ரஜன் அணுக்களுக்கு லைனஸ் பாலிங் போட்ட கணக்கும் இதேதான். அப்படியானால் மேக்னடைட் இத்தனை வழிகளில் எதைத் தேர்ந்தெடுக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை காண அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. காரணம் படிகத்தின் குறும்பு. குளிர்ந்ததும் கனசதுரச் சமச்சீர் உடையும்போது, ஒரே படிகம் வெவ்வேறு திசைகளை நோக்கிய பல நுண்பகுதிகளாகப் பிரிந்துவிடும். எக்ஸ்-கதிர் படம் எல்லாவற்றின் கலவையாக வரும். நியூட்ரான் ஆய்வுகள் ஃபெர்வேயின் எளிய வரிசை சரியல்ல என்று காட்டின. எது சரி என்று காட்டவில்லை. பின்னர் வந்த நுட்பமான அளவீடுகளில், இரண்டு வகை இரும்புகளுக்கு இடையே மின்சுமை வேறுபாடு முழு ஒரு எலக்ட்ரான் அளவுக்கு இல்லை, அதில் சிறு பங்குதான் என்று தெரிந்தது. மின்சுமை வரிசை என்பதே இல்லை என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள்.

2012-இல் மார்க் சென், ஜோனாத்தன் ரைட், பால் அட்ஃபீல்ட் மூவரும் தேர்ந்தெடுத்த வழி, படிகத்தையே மிகச் சிறியதாக்குவது. ஏறக்குறைய ஒரே திசையில் அமைந்த, கண்ணுக்குத் தெரிவதே கடினமான ஒரு துகளைப் பொறுக்கியெடுத்து, பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள சின்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கியின் எக்ஸ்-கதிரில் வைத்தார்கள். ஃபெர்வே வகுத்த இரண்டு, மூன்று என்ற பாகுபாடு முதல் மதிப்பீடாகச் சரிதான். ஆனால் கூடுதல் எலக்ட்ரான் ஒரே இரும்பில் அமர்ந்துவிடவில்லை. நேர்க்கோட்டில் இருபுறமும் நிற்கும் இரண்டு இரும்புகளின் மேலும் கொஞ்சம் பரவி, அவற்றை அருகே இழுத்துக்கொள்கிறது. மூன்று இரும்பு சேர்ந்த இந்த அலகுக்கு டிரைமெரான் என்று பெயரிட்டார்கள். இந்த அலகுகள் முனைகளைப் பகிர்ந்து படிகம் முழுக்கப் பின்னிக் கிடக்கின்றன. மின்சுமை வேறுபாடு ஏன் சிறிதாகத் தெரிந்தது என்பதும் இதனால் விளங்கியது.

2019-இல் அட்ஃபீல்டின் குழு மறுதிசையில் போனது. குளிரவைப்பதற்குப் பதில் மேக்னடைட்டைச் சூடாக்கி, அணுக்களின் இடம் சார்ந்த நுண்ணிய நடுக்கங்களை அளந்தது. ஃபெர்வே வெப்பநிலைக்கு மேலே டிரைமெரான் ஒழுங்கு கலைந்துவிடும் என்பதே எதிர்பார்ப்பு. நெடுந்தொலைவு ஒழுங்கு கலையத்தான் செய்கிறது. ஆனால் இரும்புகள் ஒன்றையொன்று நெருங்கி விலகும் அந்தத் தடுமாற்றம் அறை வெப்பநிலையிலும் இருக்கிறது, இன்னும் மேலேயும் இருக்கிறது. கல் காந்தத்தன்மையை இழக்கும் அதே 850 கெல்வின் வரை வந்துதான் அது மறைகிறது. காந்த ஒழுங்கு பிறக்கும் இடத்திலேயே எலக்ட்ரான்கள் தங்களுக்குள் கட்டிக்கொள்ளும் உறவும் பிறக்கிறது. 125 கெல்வினில் ஃபெர்வே கண்டது, ஏற்கெனவே அங்கே இருந்த ஒன்று உறைந்து நிலைத்ததை. அறை வெப்பத்தில் மேக்னடைட்டை உலோகம் என்பதா, எலக்ட்ரான்கள் தாங்கள் வளைத்த படிகத்தையும் சுமந்துகொண்டு இடத்துக்கு இடம் தாவும் ஒருவகைக் குறைகடத்தி என்பதா என்ற விவாதம் இந்த அளவீட்டுக்குப் பிறகு வேறு தளத்துக்கு நகர்ந்திருக்கிறது.